வயிற்றில் ஒரு புதிய வழி



செரிமான உறுப்புகளை நம் மாணவர்கள் வரிசையாக ஒப்புவிப்பர். கழிவு வெளியேறும் இடம் வந்ததும் வகுப்பில் சிரிப்பொலி எழும். பெரியவர்களாகிய நாமும் அப்பேச்சைத் தவிர்த்து விடுகிறோம். அந்தக் கூச்சம் ஒரு மனிதரை எவ்வளவு தனிமைப்படுத்தும் என்பதை என் மாமாவின் வாழ்வில் கண்டேன்.

பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருக்கு, மலம் வெளியேற அடிவயிற்றில் ஒரு திறப்பு அமைத்தனர். அதனை 'ஸ்டோமா' என்பர். குடலின் முனையை வயிற்றுத் தோலோடு இணைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டுவர். சிகிச்சை முடிந்தது, மாமாவோ வீட்டுக்குள் ஒடுங்கினார். வாடை வருமோ என்றஞ்சித் திருமணங்களுக்குச் செல்லவில்லை. பேரப்பிள்ளையை மடியில் அமர்த்தவும் தயங்கினார்.

அவரை மீட்டவர் இத்துறையில் பயிற்சி பெற்ற தாதி ஒருவர். முகம் சுளிக்காமல் பையை அகற்றி, அத்தையையும் அருகில் அழைத்துக் காட்டினார். ஸ்டோமா ஈரமாய்ச் சிவந்திருப்பது நலத்தின் அறிகுறி, தொட்டால் வலிக்காது. சுற்றியுள்ள தோலைத்தான் காக்க வேண்டும். துடைக்க வெதுவெதுப்பான நீரே போதும். எண்ணெய் பட்டால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்குமாதலால், அளந்து பார்த்தே பையின் துளையை வெட்ட வேண்டும். கசிவில்லாமல் ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. இவற்றை மாமாவே தம் கையால் செய்து பழகும்வரை அத்தாதி பொறுமையுடன் உடனிருந்தார். மறு ஆண்டுத் தைப்பூசத்தில் மாமா தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறினார்.

இப்பராமரிப்பின் வரலாறும் அன்பிலிருந்தே பிறந்தது. வெளியே செல்ல அஞ்சிய தன் தங்கை தோராவுக்காக, 1954-இல் ஒட்டும் பையை எண்ணிக் கண்டவர் டென்மார்க் நாட்டுத் தாதி எலிசே சோரன்சன். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில், அறுவை மருத்துவர் ரூப்பர்ட் டர்ன்புல், நோயாளிகளுக்கு வழிகாட்ட நோர்மா கில் என்பவரை நியமித்தார். அவரும் ஸ்டோமாவுடன் வாழ்ந்தவரே.

ஸ்டோமா முதியோருக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 5,000 குழந்தைகளுள் ஒன்று, மலவாய் சரியாக அமையாமல் பிறக்கிறது. அவர்களுள் பலருக்குத் தற்காலிகத் திறப்பு அமைத்துப் பின்னர் மூடுவர். சில பிள்ளைகள் அதனுடனேயே பள்ளிக்கும் வரக்கூடும்.

அத்தகைய மாணவர் கழிவறைக்குச் செல்ல வகுப்பின் நடுவே கையுயர்த்திக் காரணம் கூறும் நிலை வேண்டா. எழுந்து செல்லும் உரிமையை முன்னரே வழங்குவோம். மாற்றுப் பையும் மாற்றுடையும் பள்ளியில் இருக்கட்டும். சிறுகுடலில் திறப்பு உள்ளவர் நீரையும் உப்பையும் மிகுதியாக இழப்பர். நம் பினாங்கு வெயிலில் அவர் அடிக்கடி நீர் அருந்துவதைத் தடுக்கலாகாது. மருத்துவர் இசைந்தால் உடற்கல்வியிலும் பங்கேற்கலாம். வயிற்றில் பலமாக அடிபடும் விளையாட்டுகளில் மட்டும் கவனம் தேவை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அப்பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இத்தகைய தேவை இருப்பின், பள்ளி தொடங்குமுன் வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்துக் கூறுங்கள். ஆசிரிய நண்பர்களே, அதைக் கேட்கும்போது நம் முகம் மாறாதிருக்கட்டும். அந்தத் தாதி மாமாவுக்கு முதலில் அளித்த மருந்து அதுதான்.