பல்லுக்காகக் காத்திருந்த ஐந்து மாதங்கள்

உங்கள் இல்லத்திலும் பல் இழந்த பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். "இம்ப்ளாண்ட் வைத்தால் பல் எப்போது வரும்?" என்று அவர் கேட்டிருக்கவும் கூடும். அதே கேள்வியைப் பொறுமையின்றிக் கேட்டவன் நான். ஆகவே எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

2024 ஆடிக் கிருத்திகைக் கூட்டம் எங்கள் திருத்தணித் தெருக்களை நிறைத்திருந்த நாளில், மதரஸாவில் ஒளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஈறோடு முறிந்தன. பிறருக்கு அது அழகைப் பற்றிய கவலை. குர்ஆன் ஓதிக் கொடுப்பவனுக்கோ தொழிற்கருவியே போய்விட்டது. 'ஸா', 'ஃதால்', 'ழா' ஆகிய எழுத்துகளுக்கு நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். 'ஃபா'வுக்கு அவ்விளிம்பு கீழுதட்டில் பட வேண்டும். என் வாயில் அங்கே வெற்றிடம், காற்றுத்தான் சீறியது. ஒரு மாதம் சென்றிருக்கும். பற்கள் எல்லாம் ஒழுங்காக உள்ள ஒன்பது வயது மாணவன் ஒருவன் என்னைப் போலவே சீறிச் சீறி ஓதினான்.

"ஏன் தம்பி இப்படி ஓதுகிறாய்?" என்றேன்.

"நீங்க அப்படித்தானே ஓதினீங்க, ஹஜ்ரத்!" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

செயற்கை உறுப்புப் பற்றி மார்க்கத்தில் எனக்கு ஐயமில்லை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ள அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. ஐயமெல்லாம் காலத்தைப் பற்றித்தான்.

சென்னையில் ஒரு டாக்டரம்மா, உடைந்த வேர்களை அகற்றி, குழி ஆறிய பின், டிசம்பரில் டைட்டானியம் திருகுகள் இரண்டைத் தாடை எலும்பில் பதித்தார். ரமலான் 2025 மார்ச்சில். அதற்குள் பல் வேண்டும் என்றேன். "மே மாதம் பார்க்கலாம் சார்" என்றார். எனக்குச் சினமே வந்தது. நகரியில் இருக்கும் என் மச்சானுக்குத் திருகு வைத்த மூன்றாம் நாளே பல் பொருத்தியிருந்தார்கள். நிலக்கடலை மென்றுகொண்டு திரிகிறார்! அவருக்கொரு நீதி, எனக்கொரு நீதியா?

அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். முதல் நாளில் திருகு நிற்பது மரத்தில் ஆணி நிற்பது போல வெறும் இறுக்கத்தால்தான். அடுத்த வாரங்களில் உடல், நெருக்குண்ட பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பை வளர்க்கிறது. ஆகையால் மூன்று, நான்காம் வாரங்களில் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைந்து, பிறகே கூடுகிறது. அந்நேரத்தில் கடிக்கும் அழுத்தத்தால் திருகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அசைந்துகொண்டிருந்தாலே, எலும்புக்குப் பதில் மெல்லிய நார்த்திசு சூழ்ந்துவிடும். பின்பு திருகு ஆட்டங்கண்டு கழன்றுவிடும்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதே தற்செயலாகக் கண்டறியப்பட்டதாம். 1952-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரானெமார்க், முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் குழலைத் திரும்ப எடுக்க முடியாமல் திகைத்தார். 1965-இல் முதல் மனிதருக்குப் பல் திருகு வைத்தார். அவர் 2006-இல் இறக்கும்வரை அது பயன்பட்டது. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் திருகை ஈறுக்குள் மூடி வைப்பது பிரானெமார்க் வகுத்த முறை. இன்று திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருப்பதால், பலருக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதுமாகிறது.

மச்சானுக்குக் கீழ்த்தாடையின் முன்பகுதி. அங்கே எலும்பு கெட்டி. நான்கு திருகுகளையும் ஒன்றாகப் பிணைத்ததால் சுமையும் பங்கிடப்பட்டது. எனக்கோ மேல்தாடை; எலும்பு மெலிந்திருந்ததால் எலும்புத்தூள் வேறு நிரப்பியிருந்தார்கள். உடனே பல் வைக்கப் பெரும்பாலும் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவாவது இறுக்கம் எதிர்பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்தது 20. போதாததற்குச் சர்க்கரை நோய்.

எலும்புத்தூள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அது மாட்டெலும்பிலிருந்தும் வரும், செயற்கையாகவும் வரும். மேலே போர்த்தும் சவ்வில் பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு. சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். நான் கேட்டேன், முகம் சுளிக்காமல் செயற்கைத் தூளையே வைத்தார்.

இடைக்காலத்தில் கழற்றி மாட்டும் தகட்டுப்பல் தந்தார். அது திருகின்மேல் அழுந்தாதபடி அடிப்புறத்தைக் குடைந்திருந்தார். வாய்க்கூரையை மூடிய அத்தகடு ஓதும்போது இடம் பெயர்ந்தது. ரமலான் முழுதும் மேல்வகுப்பு மாணவன் ஒருவனை எதிரே அமர்த்தி ஓதச் செய்தேன். நான் விரலால் என் பல்லின் இடத்தைக் காட்டுவேன். பிள்ளைகள் அவன் வாயைப் பார்ப்பார்கள். சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

மே மாதம் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு பிடித்ததை உறுதி செய்து, பற்களைப் பொருத்தினார். அல்ஹம்துலில்லாஹ், அன்று மாலை மின்ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை 'ஃபா'வையே முணுமுணுத்து வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மட்டும் 'ஃதால்' இன்னும் சில நாள் சீறுகிறது. தினமும் சுபுஹுக்குப் பின் இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஓதுகிறோம்.