கலஹாவிலிருந்து கடலுக்கு

கலஹாவில் வாழும் எமக்கு மீன் என்பது லொறியில் வரும் பொருள். கண்டியைக் கடந்து, பேராதனையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதையில் அது எம்மை அடையும்போது கண்கள் கலங்கிச் சிவந்து கிடக்கும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் எமக்கு அண்மையில்தான் இருக்கிறது. கொழுந்தைப் பற்றிக் கேட்டால் எமது மாணவர் ஒரு மணி நேரம் பேசுவர். கடலைப் பற்றிக் கேட்டால் விழிப்பர். அவர்தம் ஆசிரியராகிய நாமும் அவ்வாறே விழித்து வந்தோம்.

சித்திரை விடுமுறையில் அந்தக் குறையைத் தீர்க்க எண்ணிக் குடும்பத்தோடு பஸ் ஏறினோம். தம்புள்ளை, ஹபறணை, கந்தளாய் வழியே திருக்கோணமலையை அடைந்தது வெள்ளிக்கிழமை. அன்று கோணேசர் தரிசனமும் மரக்கறிச் சோறும். மீன்பிடிப்பது சனிக்கிழமை என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது!

வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் இக்கரையில் சிறு வள்ளங்கள் கடலில் இறங்குவது ஆபத்து. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். விடியுமுன் வள்ளத்தில் ஏறியதும், அறுபது வயதைத் தாண்டிய வள்ளக்காரர் முதலில் நீட்டியது தூண்டிலை அன்று, மிதவை அங்கியை. “இதைப் போடாதவை கரையிலேயே நிக்கலாம், மாஸ்டர்” என்றார். மகன் முகஞ்சுளித்தான், போட்டுக்கொண்டான்.

நாம் நாடியது செப்பலி. ஹோட்டல் உணவுப் பட்டியல்களில் ஸ்னாப்பர் என்ற பெயரில் காணும் இனம் அது. மணல் வெளியில் அது தங்காது. கடலடியில் கல்லும் பவளமும் சேர்ந்த பார்களை ஒட்டியே வாழும். ஆகவே பாரைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. கோணேசர் கோயிலையும் தொலைவில் தெரிந்த ஒரு குன்றையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் தம் கணக்கில் பொருந்திய இடத்தில் வள்ளக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். முதல் நாள் நாம் கைகூப்பி நின்ற கோயில் இவருக்கு வழிகாட்டிக் கல்லாகவும் இருக்கிறது! நீரோட்டம் வரும் பக்கத்தில் சற்று விலகி நங்கூரம் இட்டார். அப்போதுதான் இரை பாரை நோக்கி மிதந்து செல்லுமாம்.

கருவிகள் மிக எளியவை. சட்டத்தில் சுற்றிய தடித்த தங்கூசி, கல்லில் உராய்ந்தாலும் எளிதில் அறாதபடி நுனியில் அதனினும் தடித்த ஒரு பாகம், அடியில் ஈயக்குண்டு, அதற்கு ஒரு முழம் மேலே கிளையாகக் கட்டிய தூண்டில் முள். முள் ஈயத்துக்குக் கீழே இருந்தால் மீனுக்கு முன் கல்லைத்தான் பிடிக்கும். இரை கணவாய்த் துண்டு. சூடை மீன் மென்மையானது, சிறு மீன்கள் கொத்திக் கரைத்துவிடும். கணவாயோ முள்ளில் உறுதியாக நிற்கும். ஏறத்தாழ இருபது பாக ஆழத்தில் ஈயம் தரை தட்டியதும் ஒரு முழம் உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

செப்பலி முதலில் தட்டிப் பார்க்கும். அப்போது வெட்டி இழுத்தால் இரை மட்டுமே வரும். நிலையாக இழுக்கும்வரை பொறுத்து, பின் இடைவிடாது மேலே வாங்க வேண்டும். தயங்கினால் கல்லிடுக்கில் புகுந்து கயிற்றை அறுத்துவிடும். இவ்வளவையும் கேட்ட பின்னரும் நாம், பிடி நழுவாதிருக்க என்று தங்கூசியை உள்ளங்கையில் இரு சுற்றுச் சுற்றிக்கொண்டோம். அடுத்த கணம் கை படகின் விளிம்பில் மோதியது. தங்கூசி தசைக்குள் இறங்கியது. வள்ளக்காரர் கத்தியால் அறுத்திராவிடில் விரலொன்று போயிருக்கும். “கயிறு போகலாம் மாஸ்டர், கை போகக்கூடாது” என்று சொல்லித் துணி கட்டிவிட்டார்.

பின்னர் எமது மகன் ஒன்றைப் பிடித்தான். இரண்டு கிலோ இருக்கலாம், செம்பொன் நிறம். ஆழத்திலிருந்து விரைவாக வந்ததால் உள்ளே காற்றுப் பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கியிருந்தது. இவ்வினத்தில் சில முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்வன என்பதைக் காதுக் கல்லிலுள்ள வளையங்களை எண்ணி அறிஞர் கண்டிருக்கின்றனர். மெதுவாக வளரும் மீனைப் பிடித்துத் தீர்ப்பது எளிது.

வேறொரு பாருக்குப் போகலாமா என்று கேட்டோம். வள்ளக்காரர் வடக்கே கைகாட்டினார். “அங்கை வெடி போட்டாங்கள். கல்லெல்லாம் தூளாப் போச்சு. என்ரை அப்பா காட்டித்தந்த பார் அது.” வெடிவைத்து மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடைசெய்கிறது, ஆயினும் நொடியில் ஒரு பாரைக் கொல்ல ஒரு வெடி போதும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே தூண்டிலும் ஆகாது. அவர் அப்பக்கம் வள்ளத்தைத் திருப்பவே இல்லை. அடுத்து வந்த சாண் நீள மீனை, மகன் கெஞ்சியும் கேளாமல், முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டார்.

இரண்டு கிலோ செப்பலியை ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் கலஹாவுக்குக் கொண்டுவந்தோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எமது தாயார் பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, இதோட கண்ணு இவ்வளவு தெளிவாவா இருக்கும்?” என்று கேட்டார்.