முன்சீட்டு அத்தைக்கு

போடிக்கு ரயிலிலேயே போய் இறங்கலாம் என்றதும் அத்தை, "எந்த ரயிலு? அதைத்தான் என்னைக்கோ பிடுங்கிட்டாங்களே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-ல் போட்டது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். 90 கிலோமீட்டரை மாற்றிப் போட 12 வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். 2023 ஜூன் 15 முதல்தான் மறுபடி போடி வரை ரயில் வருகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நேர் வண்டியும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது பெரிய விஷயம். பஸ்ஸில் டிரைவர் மனசு வைத்து நிறுத்துகிற இடம்தானே கழிப்பறை.

அத்தை, மாமா, பெரியப்பா, பெரியம்மா என்று நாலு பேர். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் கீழ் பெர்த் கிடைப்பது அதிர்ஷ்டம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது செல்லும். கூடவே நம் பெயரைச் சேர்த்தால் அதுவும் போச்சு. ஆகவே இரண்டிரண்டு பேராக இரண்டு டிக்கெட், எனக்குத் தனியாக ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் கட்டணச் சலுகையைப் பற்றிப் பெரியப்பா வழி முழுக்கப் புலம்பினார். அவர் புலம்பலில் எனக்கும் உடன்பாடுதான்.

லாட்ஜ் பிடிப்பதுதான் நிஜமான ஆராய்ச்சி. "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். லிஃப்டுக்குப் போக வாசலில் எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டால்தான் மறுமுனையில் கொஞ்சம் மௌனம் வரும். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, அதன் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஏதாவது உண்டா, பாத்ரூம் தரை வழுக்குமா என்று வரிசையாகக் கேட்டேன். ஒரு இடத்தில், "சார், பேஷண்ட் யாரும் வர்றாங்களா?" என்றார்கள். கடைசியில் தரைத்தளத்தில் அறை கிடைத்தது. டிவி ஓடவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கெல்லாம் கொழுக்குமலைச் சூரியோதயத்தைச் சிபாரிசு செய்கிறார்கள். மலை நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்தக் கல் பாதையில் இளசுகளின் இடுப்பே கழன்றுவிடும். எலும்பு தேய்ந்த பெரியம்மாவை அதில் ஏற்றுவது பாவம். குரங்கணிக்குக் காரில் போய்விடலாம், அதற்கு மேல் டாப் ஸ்டேஷன் எல்லாம் நடைதான். மூணாறையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மலை ஏற்றம், இருட்டுவதற்குள் இறக்கம், இவ்வளவுதான் திட்டம். மாதம் ஜனவரி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் நாங்கள் போக நினைத்த போடிமெட்டு மலைச்சாலையில் மண் சரியும். ஜூன், ஜூலையில் மெட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஜனவரியில் வானம் வெளுத்திருக்கும், ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பும் நடந்துகொண்டிருக்கும்.

போடியிலிருந்து போடிமெட்டு முப்பது கிலோமீட்டருக்குள்தான். முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது, 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டு 4,000 அடிக்கு மேலே. விடிகாலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறக்கும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் போய்வருவது நல்லது என்று எங்கள் கார் டிரைவர் தம்பியே சொன்னார்.

முன்சீட்டு விஷயத்தில்தான் சிக்கல். மூத்தவர் என்பதால் பெரியப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டார். வளைவில் குமட்டுவது அத்தைக்கு. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டல் பாதி அடங்கும். வாந்தி மாத்திரை கொடுக்கலாமே என்றால், முன்பின் யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. பல மாத்திரைகள் தூக்கத்தில் தள்ளாட வைக்கும், புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்குச் சிறுநீரையும் அடைக்கும். டாக்டரிடம் கேட்டதில், நீர் மாத்திரையை அன்று ஒருநாள் மட்டும் இறங்கி வந்தபின் போடலாம் என்றார். இதைக்கூட அவரவர் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

மெட்டைத் தாண்டிச் சாலையை ஒட்டிய ஏலத்தோட்டம் ஒன்றில் முன்பே சொல்லி வைத்திருந்தேன். சரிவுக்குள் இறங்க வேண்டாம், சருகு வழுக்கும். ஓரத்திலேயே செடி நிற்கிறது, தலைக்கு மேல் தழை, காய் பிடிப்பதெல்லாம் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில். பறிக்கிற பெண்கள் குனிந்தும் குந்தியும்தான் நாள் முழுக்க நகர வேண்டும்.

பக்கத்தில் காய் காயவைக்கும் ஸ்டோர். கதவைத் திறந்ததும் சூடும் வாசனையுமாக முகத்தில் அடித்தது. அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை போடி கிடங்கு ஒன்றில் காய் பொறுக்கியவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார், உள்ளே விதை கறுப்பாக இருந்தது. அடுத்ததில் வெளுப்பு. "இதை ஏன்யா முத்துறதுக்கு முன்னாடியே பறிச்சீங்க?" என்றார். மேஸ்திரி சிரித்துவிட்டு அடுத்த தட்டையும் அவரிடமே நீட்டினார். அரை மணி நேரம் என்று நான் எழுதி வைத்திருந்த இடம், மதியச் சாப்பாடு வரை நீண்டது. பின்னால் இருந்த இரண்டு வியூ பாயிண்டுகளைப் பேசாமல் விட்டுவிட்டேன்.

இறங்கும்போது முந்தலில் டீ குடிக்க நிறுத்தினோம். நாளைக்கு என்ன என்று நான் தாளை எடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போவோம்ப்பா. ஸ்டோர்ல இருந்த பிள்ளைககிட்ட விசாரிச்சுட்டேன். கார் வாசல் வரைக்கும் போகுமாம், படி இல்லையாம். முன்னாடி அண்ணனை உக்காரச் சொல்லு, அது சமதரைதானே."