மூச்சுக்கா, பொருளுக்கா? கமாவின் கதை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையையும், அதில் உன் ஆசிரியர் அடித்துத் தள்ளியிருந்த கமாக்களையும் பார்த்தேன். “மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். இங்கே அப்படிப் போட்டதையெல்லாம் அடிக்கிறார்கள். யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பழைய விதியைச் சொல்கிறார், இன்னொருவர் புதிய விதியைச் சொல்கிறார். பழையது எப்படிப் புதியதாயிற்று என்பது தெரிந்துவிட்டால், எங்கே போடுவது, எங்கே விடுவது என்று நீயே முடிவு செய்துகொள்வாய்.

கிரேக்கர்கள் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல் எழுதினார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபடும். நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தான் இருந்தன, பெரும்பாலும் மெய்க்குப் புள்ளிகூட இருக்காது. கி.மு. 200 வாக்கில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். இவர் நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் அல்ல, அவருக்குப் பிந்தியவர். வரியின் கீழே, நடுவே, மேலே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். ஒவ்வொரு உயரத்துக்கும் ஓர் அளவு நிறுத்தம். சபையில் உரக்கப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிற்கலாம் என்று காட்டுவதுதான் அந்தப் புள்ளிகளின் வேலை. உன் பள்ளி ஆசிரியை சொன்ன விதியின் வேர் அங்கே இருக்கிறது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் லத்தீனைப் படியெடுக்கும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடத் தொடங்கினார்கள். லத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி இல்லை, கண்ணுக்கு உதவி தேவைப்பட்டது. இடைக்காலச் சுவடிகளில் சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு போட்டார்கள். 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டனும் அந்தச் சாய்கோட்டைத்தான் பயன்படுத்தினார். 1490களில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில் அந்தக் கோடு குறுகி, வரியின் அடிக்கு இறங்கி, இன்று நாம் போடும் வளைந்த குறியாக நிலைத்தது. அவருடைய பேரன் 1566இல் வெளியிட்ட நூலில், நிறுத்தக்குறியின் முதல் வேலை வாக்கியத்தின் அமைப்பைத் தெளிவாக்குவது என்று எழுதினார். மூச்சிலிருந்து பொருளுக்குக் கமா நகரத் தொடங்கியது அங்கேதான். ஆனால் இங்கிலாந்தில் அது முழுதாக வேரூன்ற நீண்ட காலம் பிடித்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உன் சிக்கல் இந்த இடைப்பட்ட காலத்தில்தான் பிறக்கிறது. 1762இல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். கமாவைப் போல இருமடங்கு நிறுத்தம் அரைப்புள்ளிக்கு, அதைப் போல இருமடங்கு முக்காற்புள்ளிக்கு, அதைப் போல இருமடங்கு முற்றுப்புள்ளிக்கு என்று இசையின் தாள அளவைப் போல வகுத்தார். அமெரிக்காவிலிருந்து வந்து யார்க் நகரத்துக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மரே, 1795இல் தன் இலக்கணத்தை எழுதியபோது இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டார். அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய புத்தகம் அது. லட்சக்கணக்கில் விற்று, நெடுங்காலம் ஆங்கிலம் படித்த உலகத்தையே ஆண்டது. மரேயின் கமா விதிகளில் முதல் விதியைக் கேள்: எழுவாய் நீளமாக அடைமொழிகளோடு வந்தால், வினைக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வரலாம்.

உன் கட்டுரையில் அடிபட்ட கமாக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ‘இந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் தன் தீர்ப்புக்குக் காட்டிய காரணங்கள்’ என்று நீளமாக ஓர் எழுவாயை எழுதிவிட்டு, இளைப்பாற ஒரு கமா போட்டுவிட்டு, வினைக்குப் போயிருக்கிறாய். மரே இருந்திருந்தால் உன்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இன்றைய ஆங்கிலத்தில் எழுவாயையும் வினையையும் ஒற்றைக் கமாவால் பிரிப்பது தெளிவான பிழை. விதி மாறியதற்குக் காரணம், படிக்கும் முறை மாறியதுதான். குடும்பத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட காலம் போய், செய்தித்தாளையும் நாவலையும் ஆளுக்கொன்றாக வாய்மூடிப் படிக்கும் காலம் வந்தது. கண்ணுக்கு மூச்சு வாங்காது. தேவையில்லாத இடத்தில் கமா நின்றால் அது கண்ணைத் தடுக்கிறது. 1906இல் ஃபவுலர் சகோதரர்கள் எழுதிய ‘தி கிங்ஸ் இங்கிலிஷ்’ முதலிய நூல்கள் வந்த காலத்துக்குப் பிறகு, ஆங்கில உரைநடையில் கமா வெகுவாகக் குறைந்தது. நம் ஊர்ப் பள்ளிகளிலோ ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம்தான் வேதம். அது கமாவை இன்றும் ‘மிகக் குறைந்த நிறுத்தம்’ என்றுதான் அறிமுகம் செய்கிறது. பின்னால் வரும் விதிகள் எல்லாம் வாக்கிய அமைப்பைப் பற்றியவை. ஆனால் மாணவர் மனத்தில் தங்குவது முதல் வரி மட்டுமே.

நீ சட்டம் படிப்பதால் ஒரு வழக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். ரோஜர் கேஸ்மென்ட் அயர்லாந்துக்காரர். பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்து, காங்கோவில் ரப்பருக்காக மக்கள் வதைக்கப்பட்டதை 1904இல் உலகுக்கு அம்பலப்படுத்தியவர். முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்குப் போய், அங்கே சிறையிலிருந்த அயர்லாந்துப் போர்க்கைதிகளை பிரிட்டனுக்கு எதிராகத் திரட்ட முயன்றார். 1916 ஏப்ரலில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து அயர்லாந்துக் கரையில் இறங்கியதும் பிடிபட்டார். தேசத்துரோக வழக்குக்கு அடிப்படை, நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்ட 1351ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்சிப்பரப்புக்குள் அரசரின் பகைவரோடு சேர்வதும், அவர்களுக்கு ஆட்சிப்பரப்புக்குள் ‘அல்லது வேறெங்கும்’ உதவுவதும் துரோகம் என்கிறது அது. அந்த ‘வேறெங்கும்’ எதைத் தழுவுகிறது? உதவியை மட்டும் தழுவினால், ஜெர்மனியில் நின்றுகொண்டு பகைவரோடு சேர்ந்தவர் இந்தச் சட்டத்தின்படி குற்றவாளி அல்ல. சேர்வதையும் தழுவினால் அவருக்குத் தூக்கு. ‘அல்லது வேறெங்கும்’ என்பதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் இருந்தால் அது தனித்து நின்று முழு வாக்கியத்தையும் தழுவும் என்பது அரசுத் தரப்புக்குச் சாதகமான வாசிப்பு.

நீதிபதிகள் டார்லிங்கும் அட்கினும் ஆவணக் காப்பகத்துக்குப் போய், மூலச் சுருளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காப்பகம் லண்டனில் சான்சரி லேனில் இருந்தது. இன்று அந்தக் கட்டடம் கிங்ஸ் கல்லூரியின் நூலகம், நீ பலமுறை அந்த வழியாகப் போயிருப்பாய். கேஸ்மென்ட்டின் மேல்முறையீடு தள்ளுபடியானது. 1916 ஆகஸ்ட் 3 அன்று பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ‘ஒரு கமாவில் தூக்கிலிடப்பட்டவர்’ என்ற பேச்சு அன்றிலிருந்து நிற்கிறது. நியாயமாகச் சொன்னால் கமா மட்டும் அவரைக் கொல்லவில்லை. கோக், ஹேல் போன்ற பழைய சட்ட அறிஞர்கள் அந்த வாக்கியத்தைப் படித்த விதத்தைத்தான் நீதிமன்றம் பெரிதும் நம்பியது. இருந்தாலும், நிறுத்தக்குறி எந்த விதிக்கும் உட்படாத காலத்தில் எழுதிய ஒரு தோலில் ஒரு கீறலைத் தேடி ஒரு மனிதனின் உயிரை எடைபோட்டார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எழுதியவர் குறியை மூச்சுக்காக வைத்தாரா, பொருளுக்காக வைத்தாரா என்று தெரியாதபோது அந்தக் குறி சாட்சி சொல்லத் தகுதியற்றது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1970களின் இறுதியில் நம் உச்ச நீதிமன்றத்துக்கு மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வந்தது. மருந்தை இருப்பு வைப்பதே குற்றமா, விற்பதற்காக இருப்பு வைப்பது மட்டும் குற்றமா என்பது கேள்வி. ஆங்கில வாசகத்தில் ‘இருப்பு வைத்தல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கமா இல்லை. ஆகவே பின்னால் வரும் ‘விற்பனைக்காக’ என்பது அதையும் தழுவும் என்று நீதிமன்றம் கண்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது சாதகமாயிற்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் மிகைநேரக் கூலி கேட்டுத் தொடுத்த வழக்கும் இதே போன்றது. மிகைநேரக் கூலியிலிருந்து விலக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் கடைசியாக ‘அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்’ என்று வந்த இடத்தில், ‘அல்லது’வுக்கு முன் கமா இல்லை. கட்டுவது ஒரு வேலை, விநியோகிப்பது வேறொரு வேலை என்று நிறுவனம் சொன்னது. அனுப்புவதற்கும் விநியோகிப்பதற்கும் கட்டுவது ஒரே வேலை, நாங்கள் கட்டுவதில்லை, ஓட்டத்தான் செய்கிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். 2017இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா போடுவதை ஆக்ஸ்ஃபோர்டு கமா என்கிறார்கள். இங்கிலாந்தில் பலரும் போடுவதில்லை, அமெரிக்காவில் பலரும் போடுகிறார்கள். நீ எது வேண்டுமானாலும் பின்பற்று, ஆனால் ஒரே கட்டுரைக்குள் மாற்றாதே. பொருள் குழம்பும் என்று தோன்றினால் தயங்காமல் போடு.

தமிழரான நமக்கென்று தனியாக ஒரு கண்ணி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். நம் மொழியில் வேற்றுமை உருபும், ‘உம்’மும், எச்சங்களும் சொற்களுக்கு இடையிலுள்ள உறவைக் காட்டிவிடுகின்றன. அதனால்தான் காற்புள்ளி இல்லாமலே நம் இலக்கியம் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தது. உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறைப்படுத்திய பெருமையை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குக் கொடுப்பார்கள், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆங்கிலத்தில் உருபுகள் உதிர்ந்துபோனதால், சொல் நிற்கும் இடமும் கமாவும் அந்தச் சுமையைத் தாங்குகின்றன.

‘வழக்கைப் படித்த நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள்’ என்று தமிழில் எழுது. எல்லா நீதிபதிகளும் படித்தார்களா, படித்த சிலர் மட்டும் ஒப்புக்கொண்டார்களா? தமிழ் அதைச் சொல்லாது, கேட்பவர் சூழலால் அறிவார். ஆங்கிலத்தில் ‘ஹூ’ போட்டு எழுதியதும் நீ முடிவெடுத்தாக வேண்டும். இருபுறமும் கமா போட்டால் எல்லா நீதிபதிகளும் படித்தார்கள், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கமா இல்லாவிட்டால் படித்தவர்கள் மட்டுமே ஒப்புக்கொண்டார்கள். ஒரு கமா போட்டு இன்னொன்றை மறந்தால் வாக்கியமே கெட்டுப்போகும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற நம்மவர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் நம் காதுக்கு இந்த வேறுபாடு கேட்பதே இல்லை.

இன்னொன்று: ‘நான் போனேன், அவர் இல்லை’ என்பது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் முழுமையான இரண்டு வாக்கியங்களைக் கமாவால் மட்டும் ஒட்டக் கூடாது. இணைப்புச் சொல் சேர், அல்லது அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ போடு.

கட்டுரையை அனுப்புமுன் கமாக்களுக்காக மட்டும் ஒருமுறை படி. வாயால் படிக்காதே, கண்ணால் படி. ஒவ்வொரு கமாவிடமும், உன்னை எடுத்துவிட்டால் யாருக்காவது பொருள் மாறுமா என்று கேள். ‘ஹூ’, ‘விச்’ வரும் இடமெல்லாம் நின்று, எல்லாரையும் சொல்கிறேனா, சிலரை மட்டுமா என்று தீர்மானித்துவிட்டுப் பிறகு மேலே போ. அடுத்த கட்டுரையை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா