இரண்டாவது ஓட்டு

பரிசு வேண்டாம் என்று சொன்ன எழுத்தாளனை நான் இதுவரை நேரில் கண்டதில்லை. 'பரிசைப் பற்றி எனக்கு அக்கறையே கிடையாது' என்று சொன்ன எழுத்தாளர்களை ஏராளமாகக் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். மேடையில் சொல்லியிருக்கிறேன், பேட்டியில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை, பரிசுக் கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

இந்த வியாதி எழுத்தாளர்களுக்கு மட்டுமே உரியது என்று வெகு காலம் நினைத்திருந்தேன். சீட்டாடிகளுக்கும் உண்டு என்பது சமீபத்தில்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். நல்ல மழை நாள். கூடத்தில் உட்கார்ந்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தோம். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். தோற்கிறவன் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன்: "என்னடா, சீட்டே வரமாட்டேன் என்கிறதே!"

"சித்தப்பா, அங்கே போக்கர் ஆடியே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வராத சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தொழில்" என்றான் அவன்.

அவன் ஊருக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன். சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டானே இவன் என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தருமபுத்திரர் பட்ட பாடு எனக்கும் தெரியும். என்னைக் கவர்ந்தது ஆட்டமல்ல, ஆடுகிறவர்களின் மனம்.

போக்கரில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்டக்காரன் ஒரு முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டித் தொடரலாம். அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியிருப்பவன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை வாரிக்கொள்ளலாம். தேர்ந்த ஆட்டக்காரன் பெரும்பாலான கைகளைக் கவிழ்த்துவிடுகிறான். நல்ல சீட்டு வந்தும், எதிராளியிடம் அதைவிட நல்ல சீட்டு இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக் கவிழ்க்கிறானே, அந்த இடத்தில்தான் அவனுடைய வித்தை இருக்கிறது. ஆனால் கவிழ்த்த சீட்டை யாரும் பார்ப்பதில்லை. ஜனங்கள் பார்ப்பது, கடைசியில் சீட்டை விரித்துப் பணக்குவியலை அணைத்துக்கொள்கிற காட்சியைத்தான்.

இப்படிப்பட்ட தொழிலில் யார் சிறந்தவர் என்று எப்படித் தீர்மானிப்பது? 1970-ல் லாஸ் வேகாஸில், பென்னி பினியன் என்பவர் தம்முடைய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதிக்கு நாட்டின் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரை அழைத்தார். உலகப் போக்கர் தொடர் என்று இன்று பிரசித்தமாயிருக்கும் போட்டியின் முதல் ஆண்டு அது. பல வகை ஆட்டங்களை ஆடிய பிறகு, தங்களுக்குள் சிறந்தவர் யார் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். ஜானி மாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கிடைத்தது.

அந்த ஓட்டெடுப்பைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். முதல் தடவை ஓட்டுகளை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு! அவரவரும் தம் பெயரையே எழுதியிருந்தார்களாம். பிறகுதான், 'சரி, உங்களை விட்டால் அடுத்தவர் யார்?' என்று கேட்டார்களாம். ஜானி மாஸ் வென்றது அந்த இரண்டாவது ஓட்டில் என்பது கதை.

இதைப் படித்ததும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் யோசித்தேன். அந்த மனிதர்கள் கர்வத்தினால் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னைவிட மற்றவன் மேல் என்று நிச்சயமாக நம்புகிறவன் எந்தத் தைரியத்தில் அவனுக்கு எதிரே பணத்தை வைத்து உட்கார முடியும்? தன்னம்பிக்கை அந்தத் தொழிலின் மூலதனம். ஆகவே முதல் ஓட்டு பிழைப்புக்கான ஓட்டு. இரண்டாவது ஓட்டுத்தான் மனச்சாட்சியின் ஓட்டு. அது யாரிடம் பணத்தைப் பறிகொடுத்தோம், யாரைக் கண்டு சீட்டைக் கவிழ்த்தோம் என்று நினைத்துப் பார்த்துப் போடுகிற ஓட்டு.

அடுத்த ஆண்டே ஓட்டெடுப்பைக் கைவிட்டுவிட்டார்கள். 1971-ல் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, ஒருவன் மிஞ்சும் வரை ஆடுவது என்று விதி மாறிற்று. அப்போதும் ஜெயித்தவர் ஜானி மாஸ்தான்! சகாக்களின் தீர்ப்பும் சீட்டின் தீர்ப்பும் ஒன்றாயிருந்தது அபூர்வமான சந்தர்ப்பம்.

1979-ல் போக்கர் புகழ் மண்டபம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். முதல் ஆண்டு கௌரவிக்கப்பட்டவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹாயில். சீட்டாட்ட விதிகளை எழுதிய ஆங்கிலேயர், 1769-ல் காலமானவர். போக்கர் என்ற ஆட்டம் பிறந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆடாத ஆட்டத்துக்காக, அதுவும் பிறக்காத ஆட்டத்துக்காக, மனிதர் அமரராகிவிட்டார்! நம் ஊர்ப் பட்டமளிப்புகளைக் கண்டு சலித்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த மண்டபத்துக்கென்று சில அளவுகோல்கள் உண்டு. தலைசிறந்தவர்களை எதிர்த்து ஆடியிருக்க வேண்டும். பெரும் பணயம் வைத்து ஆடியிருக்க வேண்டும். சக ஆட்டக்காரர்களின் மதிப்பைப் பெற்றிருக்க வேண்டும். காலத்தின் சோதனைக்கு ஈடுகொடுத்திருக்க வேண்டும். 2009-ல் பெயர்களை முன்மொழியும் உரிமையைப் பொதுமக்களுக்கும் கொடுத்தார்கள். மக்கள் உற்சாகமாக அனுப்பிய பெயர்களிலிருந்து இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களில் ஒருவர் டாம் ட்வான். அப்போது அவருக்கு வயது 23! சூரர்தான், ஆனால் காலத்தின் சோதனை என்ற பரீட்சைக்கு அவர் இன்னும் உட்காரவே இல்லை. அந்த ஆண்டு தேர்வானவர் மைக் செக்ஸ்டன். பிறகு 2011-ல், நாற்பது வயது நிரம்பாதவர்களை முன்மொழியக் கூடாது என்று விதி செய்தார்கள். அதற்குச் சிப் ரீஸ் விதி என்று பெயர். 1991-ல் அவர் மண்டபத்தில் நுழைந்தபோது அவருக்கு வயது நாற்பது. அவரைவிட இளையவர் எவரும் அதுவரை நுழைந்ததில்லை. இப்போதும் முன்மொழிவதற்கு மக்கள் உண்டு. முடிவாக ஓட்டுப் போடுகிறவர்கள் மண்டபத்தில் ஏற்கெனவே இடம்பெற்று உயிரோடிருக்கும் உறுப்பினர்கள்.

2010-ல் மக்களையே முழு நீதிபதிகளாக்கியும் பார்த்தார்கள். சாம்பியன்களின் போட்டி என்று ஒன்று நடந்தது. மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். ஆடிய 27 பேரில் 20 பேரை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டணமில்லாமல் ஆடலாம். 5 லட்சம் டாலர் முதற்பரிசை வென்றவர் ஹக் சீட். 1996-ன் உலகச் சாம்பியன். இங்கே ஓட்டு என்பது வெறும் புகழ் அல்ல, நாற்காலி. நாற்காலி கிடைத்தால் பணம் கிடைக்கலாம். அப்போது 'எனக்கு மக்களின் ஓட்டு ஒரு பொருட்டல்ல' என்று எவரால் சொல்ல முடியும்?

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சீட்டாடிப் பிழைக்கிறவனுக்கு வருமானம் கொடுப்பவர்கள் அவனைவிட மோசமாக ஆடும் பணக்காரர்கள். 'இவர்தான் உலகத்திலேயே கெட்டிக்காரர்' என்று ஊரெல்லாம் பறை சாற்றிவிட்டால் அவனோடு ஆட எந்தப் பணக்காரன் வருவான்? புகழ் வேண்டும் என்று ஒரு மனம் ஏங்கும். புகழ் வந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று இன்னொரு மனம் எச்சரிக்கும்.

2019-ல் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட இருவரைப் பாருங்கள். ஒருவர் கிறிஸ் மணிமேக்கர். கணக்கராக இருந்தவர், 2003-ல் 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றவர். அவரைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கான சாமானியர்கள் போக்கர் ஆட வந்தார்கள். மற்றவர் டேவிட் ஆப்பன்ஹைம். பொதுமக்களில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பெரும் பணயம் வைத்து ஆடும் மேஜைகளில், கேமராவுக்கு அப்பால் ஆடியவர். அவரோடு ஆடியவர்களுக்கு அவரைத் தெரியும். ஒருவரை ஊர் அறியும். ஒருவரை மேஜை அறியும். இருவரையும் ஒரே நாளில் கௌரவித்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இரண்டு புகழும் ஒன்றல்ல.

இவ்வளவும் எழுதிய பிறகு என் சொந்தக் கணக்கைத் தீர்க்காமல் எழுந்தால் அது யோக்கியமாகாது.

1980-களின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை, அந்த ஆண்டின் சிறந்த தொடர்கதை எது என்று வாசகர்களிடையே ஓட்டெடுப்பு நடத்தியது. இதழிலே கூப்பன் இருக்கும். வெட்டி அனுப்ப வேண்டும். என் கதையும் போட்டியில் இருந்தது. என் நண்பர் ஒருவரின் கதையும் இருந்தது. நான் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஆறு பிரதியும் மாம்பலத்தில் ஆறு பிரதியும் வாங்கினேன். பன்னிரண்டு கூப்பன்களை வெட்டி, மாமனார் வீட்டு விலாசம், மைத்துனன் விலாசம் என்று மாற்றி மாற்றி எழுதி, என் கதைக்கே ஓட்டுப் போட்டேன். இரண்டு கூப்பன்களை இடது கையால் எழுதினேன்.

பரிசு எனக்குத்தான் கிடைத்தது. பன்னிரண்டு ஓட்டு இல்லாவிட்டாலும் கிடைத்திருக்கும் என்று இன்று வரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வருகிறேன்.

விழாவுக்கு நண்பர் வந்திருந்தார். முடிந்ததும் காபி குடிக்கும் இடத்தில் என்னிடம் வந்து, "அந்தக் கிழவி கதவைத் திறக்காமலே மகனோடு பேசுகிறாளே, அங்கே என்னமோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதுதான் ஐயா கதை" என்றார். நான் பத்து நாள் எழுதி எழுதி அடித்த இடம் அது. எனக்கு வந்த நூற்றுக்கணக்கான வாசகர் கடிதங்களில் ஒன்றுகூட அந்த இடத்தைக் குறிப்பிடவில்லை. நான் கவிழ்த்த சீட்டை அவர் ஒருவர்தான் பார்த்திருந்தார்.

அவருடைய கதையைப் பற்றி நான் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் கதையைவிட நல்ல கதை. எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் கையிலிருந்த கேடயம் கனத்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் பழகினோம். எத்தனையோ பேசினோம், இதை மட்டும் பேசவில்லை. அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது. அந்தத் தொடர்கதை கடைசி வரை புத்தகமாக வரவில்லை.

என் பரணில் அந்தப் பழைய இதழ்கள் கிடந்தன. சென்ற வாரம் இறக்கி, அவருடைய கதையை வரிசைப்படுத்திப் பைண்டு செய்யக் கொடுத்தேன். கூப்பன் வந்த இதழில் மாத்திரம் ஒரு சதுரம் இல்லை. நான் வெட்டிய இடம். அதன் மறுபக்கத்தில் அவர் கதையின் நாலைந்து வரிகள் போய்விட்டன.

அந்த இதழ் உங்களில் யார் வீட்டிலாவது, கூப்பன் வெட்டாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.