கிதாபின் ஓரம்

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ஹாஷியாவை விளக்க வேண்டியதில்லை. நடுவே மூலம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை. யூதர்கள் தம் வேதத்தை ஓதும் நூலும் இத்தகையதே. வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் 1525இல் அச்சிட்டு முடித்த பதிப்பே பின்வந்தவற்றுக்கு முன்மாதிரி.

அந்தப் பக்கம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2013இல் இணையத்தில் தோன்றிய செபாரியா என்னும் நூலகத்தில், தவ்ராத்தின் ஒரு வசனத்தைத் தொட்டால் ராஷி முதலானோரின் உரைகள் அருகே வந்து நிற்கின்றன. கட்டணம் இல்லை. நம் ஜபர், ஜேர் போன்ற உயிர்க்குறிகளை வேண்டும்போது காட்டலாம், மறைக்கலாம். ஜெப ஆலயத்துச் சுருளில் அக்குறிகள் இரா. ஆகவே ஆசிரியர் குறிகளை மறைத்துவிட்டு மாணவனை வாசிக்கச் சொல்லலாம். குறியற்ற கிதாபை நீட்டி, "இபாரத் வாசி" என்று உஸ்தாது பணிக்கும்போது நமக்கு வியர்த்ததே, அதே பாடம்தான்! கொள்கை வேறுபாடு ஒருபுறமிருக்க, ஓதிக்கொடுக்கும் முறையில் நாம் அண்டை வீட்டார்.

குறை ஒன்றுண்டு. தொட்ட இடத்தில் கிடைத்த துணுக்கோடு மாணவன் நின்றுவிடுவான்; முன்பின் தொடர்பை ஆசிரியரே காட்ட வேண்டும்.

என்னைக் கட்டிப்போட்டது ஸஅதியாவின் பெயர்ப்பு. எகிப்தின் பய்யூமில் பிறந்து, இராக்கில் யூதக் கலாசாலைத் தலைவராயிருந்த இவர் (882–942) தவ்ராத்தை அரபியாக்கினார். குருவைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு அவர் இட்ட சொல் 'இமாம்'! மொழி அரபி, செபாரியாவில் காண்பதோ எபிரேய எழுத்து. இருபத்திரண்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டு சங்கரன்கோவிலில் என் வீட்டுத் திண்ணையிலிருந்தே அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். எழுத்து அயல், சொல் நம்முடையது.

நமக்கு இது புதிதா? அரபு எழுத்தில் தமிழை எழுதியவர்களன்றோ நாம்! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் பத்ஹுத் தய்யான் அப்படி எழுந்த நூல்தான். அந்நூல்களைப் பாட்டிமார் தடையின்றி ஓதினர். பேரப்பிள்ளைகளோ அரபு எழுத்தும் தமிழ்மொழியும் அறிந்திருந்தும் விழிக்கின்றனர்.

எங்கள் தெருவில் அரபுத் தமிழைத் தடுக்காமல் வாசிப்போர் இருவரே. எழுபதைக் கடந்த பெண்மணிகள். அவர்களுள் ஒருவரது கிதாபைப் படம்பிடித்து, வரிக்கு வரி தமிழெழுத்தை அருகில் வைத்து எழுதி வருகிறேன். பூச்சி அரித்த இடங்களை அவரே மனப்பாடமாய்ச் சொல்கிறார். பன்னிரண்டு பக்கம் முடிந்திருக்கிறது.