இடப்பக்கம் கதை, வலப்பக்கம் ஊர்

2024 ஆம் ஆண்டின் இறுதித் தவணை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் விடை எம்மைத் தடுத்து நிறுத்தியது. ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி எழுதியிருந்தான். கையெழுத்து முத்துப் போன்றது, தமிழும் பிழையற்றது. ஆனால், கொலைக்குச் சூத்திரதாரி பழுவூர் இளையராணி நந்தினி என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதி, அவள் வீரபாண்டியன் பொருட்டுப் பழிவாங்கிய விதத்தையும் ஒரு பக்கத்துக்கு விரித்திருந்தான். சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளிகளைக் குறைத்தோம். மறுநாள் விடைத்தாளும் கையுமாக வந்து நின்றான்.

"சேர், இது நீங்கள் வகுப்பிலே சொன்னதுதானே?" என்றான்.

சொல்லித்தான் இருந்தோம். மாரிகாலத்து மத்தியானம், கடைசிப் பாடவேளை. உறங்கி விழும் பிள்ளைகளை எழுப்ப வேண்டி, 'பொன்னியின் செல்வ'னை உற்சாகத்தோடு எடுத்துரைத்தோம். சரித்திரம் எவ்விடத்தில் முடிகின்றது, கல்கி எவ்விடத்தில் தொடங்குகின்றார் என்று எல்லைக்கல் நாட்ட மறந்துபோனோம். குறைத்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தோம். ஆயினும் அன்றிரவு நித்திரை வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரம் படிப்பிக்கின்றோம். இவ்வாறு எத்தனை வகுப்புக்களை ஏமாற்றினோமோ!

அடுத்த தைப்பொங்கல் கழிந்ததும் தடித்த அட்டைக் கொப்பி ஒன்று வாங்கினோம். அவ்வாண்டில் வாசிக்கும் சரித்திர நாவல் ஒவ்வொன்றையும் அதிற் பதிவதென்று விதித்துக்கொண்டோம். இடப்பக்கத்தில் கதை கூறுவது. வலப்பக்கத்தில் கல்வெட்டும் செப்பேடும் நூல்களும் கூறுவது. இயலுமாயின் அவ்வூருக்கே சென்று கண்டதையும் எழுதுவது. வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "கதைப் புத்தகத்துக்கும் கணக்கு எழுதுகிறீர்களா?" என்றார் எம் மனைவியார்.

அவ்வாண்டில் பதினொரு நாவல்கள் ஏறின. எல்லாம் ஒரே தரத்தன அல்ல. 'கடல் புறா'வை மூன்று பாகமும் முடித்தபோது இடப்பக்கம் நிரம்பி வழிந்தது; வலப்பக்கத்தில் ஆறு வரிகூடத் தேறவில்லை. அதற்காகச் சாண்டில்யனை நாம் குறைகூறவில்லை. இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து வாசித்தவர் குறைகூறலாகாது. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895 இல் வெளிவந்த 'மோகனாங்கி'யையும் அவ்வாண்டிலேயே முதன்முறை படித்தோம். தமிழின் முதற் சரித்திர நாவலென்று போற்றப்படும் அந்நூலை, எம் நாட்டவர் ஒருவர் எழுதியதை, நாற்பது வயதுக்கு மேல் படிப்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

எனினும் கொப்பி தொடங்கிய காரணம் நந்தினியல்லவா? ஆகவே ஆவணி மாத விடுமுறையிற் சோழநாடு புறப்பட்டோம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் நிற்க வேண்டுமென்பது ஆசை; வந்தியத்தேவன் குதிரையில் வந்த நாள் அதுவன்றோ? ஆனால் பாடசாலை விடுமுறை ஆடிப்பெருக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

2023 இல் ஆரம்பமாகி, இடையில் நின்று மீண்டும் நடைபெற்ற நாகபட்டினக் கப்பலில், காங்கேசன்துறையில் ஏறினோம். ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம். பூங்குழலி தனியே ஓடம் வலித்து வந்த கடலை எட்டிப் பார்க்கவேண்டுமென்று ஆவல் கொண்டோம். பார்த்தோம், ஆனால் தலைசுற்றல் எம்மை அதிக நேரம் பார்க்கவிடவில்லை.

நாகபட்டினத்தில் இறங்கியதும் சூடாமணி விகாரம் நினைவுக்கு வந்தது. இளவரசர் அருள்மொழிவர்மர் கதையில் மறைந்திருந்த இடம் அது. இராசராசன் காலத்தில், ஸ்ரீவிசய மன்னன் பெயரால் அங்கு விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் வழங்கப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. எனவே, இராசராசன் இளைஞனாயிருந்தபோது விகாரம் ஏது, கல்கி தவறிவிட்டார் என்று வலப்பக்கத்தில் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டோம். நல்லவேளையாக நாவலை மீண்டும் புரட்டினோம். பழைய விகாரத்தைக் கடல் பொங்கி அழித்ததாக அவரே காட்டியிருக்கிறார்! பிறகு எழுந்ததற்கு இடம் வைத்தே எழுதியிருக்கிறார். பேனாவை மூடினோம். இவ்வூரில் பழைய பௌத்த கோபுரம் ஒன்று 1867 வரை நின்று, பின் இடிக்கப்பட்டது. நாம் காண்பதற்கு எஞ்சியது ஒன்றுமில்லை.

சிதம்பரம் சென்று அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறினோம். நாதமுனிகள் அவதரித்த ஊர். முதற் பராந்தகன் காலத்தில் வெட்டுவித்து அவன் விருதுப்பெயரால் வழங்கிய ஏரி, இன்று வீராணம் எனப்படுகின்றது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வந்த நீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்நீர் 2004 முதல் குழாய் வழியே சென்னை நகரத்துக்கும் போகின்றது. எழுபத்து நான்கு மதகுகளைக் கதையிற் படித்தவர் நாம். எண்ணிப் பார்க்கலாமென்று நடந்தோம். கால்மணி நேரத்துள் வெயில் எம்மைத் திருப்பி அனுப்பியது.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் அருகிலேயே உள்ளது. நாம் தேடிவந்த கல்வெட்டு அக்கோயிற் சுவரில் இருக்கின்றது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கொலை நடந்து பல ஆண்டுகள் கழிந்தபின், வெட்டப்பட்டதாக ஆய்வாளர் பலர் கொள்வர். சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகளென்று கூறி, அவர்களுடையவும் உறவினருடையவும் நிலங்களைக் கைப்பற்றுமாறு ஊர்ச்சபைக்கு வந்த அரசாணையை அது குறிப்பிடுகின்றது. கதையில் மந்திரவாதியாய் ஆந்தைபோற் குரலெழுப்பித் திரிந்த இரவிதாசன், கல்வெட்டில் பிரமாதிராசன் என்ற பட்டம் தாங்கிய அரச அதிகாரி!

நந்தினி அங்கில்லை. கடம்பூர் மாளிகையும் இல்லை. கொலையை ஏவியவர் யாரென்ற சொல்லும் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமசோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞர்கள் பிணங்கிய அந்த இடைவெளியில்தான் கல்கி ஒரு பெண்ணைப் படைத்து நிறுத்தினார். நாமோ, படைத்தவரை மறந்து, அவளைப் பாடத்திற் சேர்த்துவிட்டோம்.

கல்லருகே நெடுநேரம் நின்றோம். பத்தாம் நூற்றாண்டெழுத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சில எழுத்துக்களையே எம்மாற் கூட்டி வாசிக்க முடிந்தது. வாசகத்தை நூலிற் படித்திராவிடின் எமக்கு அது வெறும் கீறல்தான். சரித்திர ஆசிரியர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது பெருமையன்று. கோயிலில் விளக்கேற்ற வந்த முதியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, "நீங்களும் கல்கி படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் திரைப்படம் வந்தபின் தேடிவருவோர் அதிகமாம். "பாதிப் பேரு நந்தினி பேரு எங்கேன்னு கேக்கறாங்க" என்றார். நாம் வாய் திறக்கவில்லை.

மார்கழியில் எம் குடும்பத்தோடு பொலனறுவை சென்றோம். அகிலனின் 'வேங்கையின் மைந்த'னை அதற்குமுன் முடித்திருந்தோம். இலங்கை வேந்தனிடம் ஒளித்து வைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியை மீட்க, இராசேந்திரன் படை கடல் கடந்து வரும் பகுதியை வாசித்து மயிர்க்கூச்செறியாத தமிழர் குறைவு. நாமும் கூச்செறிந்தவரே, இடப்பக்கத்தில் அதை நேர்மையாக எழுதியிருக்கிறோம். வலப்பக்கம் எழுதுவதுதான் கடினமாயிற்று. சூளவம்சம் அதே நிகழ்ச்சியை மறுகரையில் நின்று கூறுகின்றது: மகிந்த மன்னன் பிடிபட்டான், தாது வைத்த இடங்கள் உடைக்கப்பட்டன, விகாரங்கள் சூறையாடப்பட்டன. மன்னன் சோழநாட்டிலேயே இறந்தான். நாகபட்டினத்து விகாரத்தைப் புரந்த அதே சோழர் குலத்தின் படைகள்தாம் இவை. இரண்டு குறிப்புக்களையும் ஒரே பக்கத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினோம். எதையும் அடிக்கவில்லை.

பொலனறுவையின் இரண்டாம் சிவாலயம் முழுதும் கல்லாலானது. சிறியதுதான்; ஆனால் தஞ்சை மண்ணிலிருந்து பெயர்த்து வைத்தாற்போன்ற வடிவம். வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழம்பெயர். எம் மகள், கல்லூரியிற் படிப்பவள், உடனே, "பொன்னியின் செல்வரின் அம்மா பெயரல்லவா அப்பா?" என்றாள். ஆமென்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். சோழர் குடியில் அப்பெயர் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. "அவருடையதாகவும் இருக்கலாம், மற்றொரு அரசியுடையதாகவும் இருக்கலாம்" என்றோம். அவளுக்கு அது சப்பென்றிருந்தது, முகத்திற் தெரிந்தது. சிறிது நேரம் கழித்து அவளே வந்து, "எத்தனை வானவன்மாதேவிகள்?" என்று கேட்டாள். கொப்பியை அவளிடம் கொடுத்து எழுதச் சொன்னோம். வலப்பக்கத்தில் அவள் கையெழுத்து இருப்பது அந்த ஓரிடத்தில்தான்.

ஆண்டு முடிந்ததும், விடைத்தாளோடு வந்த அந்த மாணவனிடம் கொப்பியை வாசிக்கக் கொடுத்தோம். ஒரு கிழமை வைத்திருந்தான். திருப்பித் தந்தபோது நந்தினியின் பக்கத்துக்கு எதிரே பென்சிலால் ஒரு வரி இருந்தது: "அப்படியென்றால் ஏவியது யார், சேர்?" நாம் இன்னும் அதனை அழிக்கவில்லை, கீழே ஒன்றும் எழுதவுமில்லை.

புதிய கொப்பி வாங்கியாயிற்று. வரும் விடுமுறையில் மாதோட்டம் செல்ல எண்ணம். அங்கே சோழநாட்டுத் தாழிகுமரன் என்பவன் இராசராச ஈச்சரம் எடுப்பித்த செய்தி கல்வெட்டில் உண்டு. அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. தானும் கூட வரலாமா என்று அந்த மாணவன் கேட்டிருக்கிறான். தகப்பனாரின் சம்மதந்தான் இன்னும் வந்து சேரவில்லை.